சந்திலிருந்து மெயின் ரோடு வரை: குடிசைப் பகுதியில் குப்பைத் திட்டம் நடத்துபவர்களுக்கு

வாளி வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: சந்துக்குள்ளிருந்து வெளியே வரும் குப்பையை யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு வாங்கிக்கொள்ளப் போகிறார்கள்? சென்னையில் கூவம் கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கத்திலும் இப்படித் தொடங்குகிற திட்டங்கள் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான். வீட்டில் பிரித்துக் கொடுப்பார்கள், பையன்கள் தள்ளிக்கொண்டு வருவார்கள், பெரிய வண்டி வராது. மூன்று நாள் தேங்கினால் சந்து முனையே குப்பைமேடு. நான்காம் நாள் எல்லாம் கால்வாய்க்குப் போகும், திட்டமும் கூடவே போகும்.

அதனால் முதல் வேலை வார்டு அலுவலகத்தில். சென்னை மாநகராட்சியில் 200 வார்டு, பல மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. பல மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை ஒப்பந்த நிறுவனங்களிடம் இருக்கிறது. உங்கள் வார்டு யாரிடம் என்று கேட்டுக்கொண்டு, வண்டி நிற்கும் இடம், நேரம், வராத நாளில் பேச வேண்டிய சூப்பர்வைசரின் எண் ஆகிய மூன்றையும் வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். அதிகாரிக்கு மாற்றல் வந்தால் வாய்ப்பேச்சும் அவரோடு போய்விடும். வண்டி வரவில்லையென்றால் மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண் 1913-க்குக் கூப்பிட்டுப் புகார் செய்து, புகார் எண்ணை நோட்டில் எழுதுங்கள். பத்துப் புகார் எண்ணோடு போகிறவரை அலுவலகத்தில் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

கணக்கெடுப்பில் ஒரு கண்ணி இருக்கிறது

கிளிப்போர்டோடு வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினால் கதவு சாத்தப்படும். ஆற்றங்கரைக் குடிசைகளை எண்ணி, எண் போட்டு, பிறகு தொலைவில் உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பியதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆதார், ரேஷன் கார்டு எதையும் கேட்காதீர்கள். கதவிலோ சுவரிலோ சாக்பீஸால்கூட எண் எழுதாதீர்கள். மீனவர் குப்பமாக இருந்தால் ஊர் நிர்வாகத்திடமும், மற்ற இடங்களில் மகளிர் குழுவிடமும் கோயில் கமிட்டியிடமும் முதலில் பேசி, அந்தத் தெருப் பெண்களையே எண்ணச் சொல்லுங்கள். சந்து வாரியாக எத்தனை வீடு, எத்தனை தலை என்பது போதும்.

எடை போட 50 கிலோ தொங்கு தராசு ஒன்று, கோணி, 30 வீடு, எட்டு நாள் வேண்டும். முதல் நாள் எடையைத் தள்ளிவிடுங்கள். வீட்டில் சேர்ந்து கிடந்த பழசெல்லாம் அன்றுதான் வரும். மீதி ஏழு நாளில் ஞாயிறும் திங்களும் கட்டாயம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக் கறியும் மீனும் திங்கட்கிழமை எடையில் தெரியும். எடை வரும்வரை தலைக்கு ஒரு நாளைக்கு 0.3 கிலோ என்று வைத்துக்கொண்டு திட்டமிடலாம். வீட்டுக்கு ஏறக்குறைய நாலரைப் பேர் என்றால் 200 வீட்டுக்கு நாளைக்கு 260, 270 கிலோ வரும். அதில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை.

வாளி, நேரம், வண்டி

பச்சை, நீலம் என்று மூடி போட்ட புது வாளி இரண்டை இலவசமாகக் கொடுத்தால் மறுநாளே அதில் லாரித் தண்ணீர் நிற்கும். குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைக்கிற வீட்டில் அதைக் குறை சொல்ல முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இரண்டு வாளிக்கு இடமும் கிடையாது. ஈரக் குப்பைக்கு 5 லிட்டர் பழைய பெயின்ட் டப்பா, மூடியோடு. காய்ந்த குப்பைக்குக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் அரிசிப் பை. இவ்வளவு போதும். நாப்கினும் டயப்பரும் செய்தித்தாளில் சுற்றி, சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாக வர வேண்டும். பிளேடு, ஊசி, உடைந்த பல்பு ஆகியவற்றை மூடியுள்ள கெட்டி பாட்டிலில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் ஏழு மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். எட்டு மணிக்கு விசில் ஊதினால் பாதிக் கதவு பூட்டியிருக்கும், குப்பை பையோடு சுவர் தாண்டிப் பறந்திருக்கும். காலை 5.45 முதல் 7.30 வரை, அல்லது மாலை 6 மணிக்கு மேல். எது சரி என்று அந்தச் சந்துப் பெண்கள் சொல்லட்டும். தண்ணீர் லாரி வரும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வண்டி வாங்கும் முன் சந்தின் மிகக் குறுகிய இடத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கட்டு, நிறுத்தியிருக்கும் பைக் எல்லாம் சேர்த்துத்தான் அளவு. 4 அடி கிடைக்காவிட்டால் மூன்று சக்கர வண்டி சந்து முனையிலேயே நிற்கட்டும். உள்ளே கைப்பிடி உள்ள வாளி இரண்டோடு ஆள் போய் வரட்டும். இப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஆளுக்கு 100 வீட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது.

ஆட்களுக்கு ரப்பர் கையுறை, ஷூ இரண்டு ஜோடி வீதம் வாங்குங்கள். ஒரு ஜோடி நனைந்தால் அடுத்த நாள் வெறுங்கையோடுதான் வருவார்கள். டெட்டனஸ் ஊசி வேலைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

உரம்: எல்லாவற்றையும் போட முயலாதீர்கள்

கம்பி வலைக் கூண்டுதான் குடிசைப் பகுதிக்கு ஏற்றது. பட்டா இல்லாத இடத்தில் சிமென்ட் தொட்டி கட்டினால் வம்பு. கூண்டைச் சுருட்டித் தூக்கிக்கொள்ளலாம். 10 அடி வலையை வளைத்துக் கட்டினால் ஏறக்குறைய 3 அடி விட்டம் வரும். உயரம் 4 அடி. அடியில் அரை அடிக்குக் காய்ந்த சருகும் தென்னை நாரும். அதன் மேல் ஒரு வாளி ஈரக் குப்பைக்கு இரண்டு வாளி சருகு என்று மாற்றி மாற்றிப் போட்டு, சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளியுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு போதாது. உதிர்ந்தால் தண்ணீர் போதாது. மூன்று நான்கு நாளில் நடுப்பகுதி கை வைக்க முடியாத சூடாக, 55 டிகிரிக்கு மேல் ஏறும். ஏறவில்லையென்றால் குவியல் சிறியது அல்லது ரொம்ப ஈரம். வாரம் ஒருமுறை கிளறினால் 45 முதல் 60 நாளில் உரம் ஆகும். நாற்றம் அடித்தால் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: சருகு தீர்ந்துபோயிருக்கும்.

மீன் செதிலையும் குடலையும் மேலே போட்டால் நாயும் பூனையும் கூண்டைச் சாய்க்கும். நடுவில் குழி பறித்துப் புதைத்து, மேலே அரை அடி பழைய உரம் மூடுங்கள். தடித்த பழுப்புப் புழு வந்தால் பயப்பட வேண்டாம், அது குப்பையைத் தின்று வேலையைச் சுலபமாக்குகிறது.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். 40 வீட்டின் ஈரக் குப்பை ஒரு கூண்டைப் பத்துப் பன்னிரண்டு நாளில் நிரப்பும். 60 நாள் சுழற்சிக்கு ஐந்தாறு கூண்டு. 200 வீட்டுக்கு முப்பது. அவ்வளவு இடம் எங்கே? ஒரு சந்தின் குப்பையை மட்டும் உரமாக்கி, மீதியைப் பிரித்த நிலையிலேயே மாநகராட்சியின் நுண்ணுர மையத்துக்கு (ஈரக் குப்பையை உரமாக்கும் சிறு கூடம்) அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

காசு

200 வீட்டுக்கு இரண்டு ஆள் என்றால், அரை நாள் கூலி 300 ரூபாய் வீதம், 26 நாளுக்கு 15,600. வீட்டுக்கு மாதம் 40 வைத்து முக்கால்வாசிப் பேர் கொடுத்தால் 6,000. மாதத் தொகையாகக் கேட்காமல், சனிக்கிழமைச் சம்பளம் வந்த கையோடு 10 ரூபாய் வாங்குவது நடக்கும். மொத்தக் குப்பையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு காயலான் கடைக்குப் போனால் மாதம் 540 கிலோ. கிலோ சராசரி 10 என்றால் 5,400. இன்னும் 4,200 குறைகிறது. உரம் விற்று ஈடுகட்டலாம் என்று நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். பழையது விற்ற பணம் முழுவதையும் ஆட்களுக்கே விட்டுவிட்டு, மீதிக் கூலிக்கு ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் பட்டியலில் அவர்களைச் சேர்க்கக் கேட்பது ஒரு வழி. விற்ற பணம் அவர்களுடையது என்றால் பிரிப்பும் தானாகச் சீராகும்.

அந்தப் பகுதியில் ஏற்கெனவே பொறுக்கிப் பிழைக்கிறவர்கள் இருந்தால் வேலை முதலில் அவர்களுக்குத்தான். வெளியாளை வைத்தால் அவர்கள் வயிற்றில் அடித்ததாகும். பொருளின் விலையும் தரமும் அவர்களைப் போல யாருக்கும் தெரியாது. கழுவிக் காயவைத்த பால் கவர், பெட் பாட்டில், அட்டை, இரும்பு எல்லாம் தனித்தனிக் கோணியில். சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், தெர்மாகோலைக் கடைக்காரர் வாங்க மாட்டார். மூட்டையாகக் கட்டி மாநகராட்சி வண்டியில் ஏற்றுங்கள். சந்தில் வைத்து எரிக்க மட்டும் விடாதீர்கள்.

ஆடி மாதக் கூழுக்கும் அன்னதானத்துக்கும் தட்டும் டம்ளரும் ஒரே நாளில் மலையாகக் குவியும். கமிட்டியோடு முன்கூட்டியே பேசிக் கூடுதல் நடைக்கு வண்டி கேளுங்கள். அக்டோபரில் தொடங்கும் மழைக்குத் தயாரிப்பு செப்டம்பரில்: பூங்காக்களில் பெருக்கும் சருகை நாற்பது மூட்டையாவது வாங்கித் தார்ப்பாய்க்குள் அடுக்குங்கள், கூண்டுகளைச் செங்கல் வரிசை மேல் ஓரடி உயர்த்துங்கள், சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாட்களுக்கு மெயின் ரோட்டில் மேடான ஒப்படைப்பு இடம் ஒன்றைச் சூப்பர்வைசரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.