அயர்லாந்தில் ஓட்டு: பென்சிலால் 1, 2, 3 என்று எழுத வேண்டும்

டப்ளின் 15-க்குக் குடிவந்த மறு வருடம், 2019 மே மாதம். இரவு எட்டு மணிக்கும் வெயில் அடிக்கிற நாட்கள். சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது காலிங் பெல் அடித்தது. வாசலில் ஒரு பெண்மணி, கையில் நோட்டீஸ் கட்டு, தானே வேட்பாளர் என்றார். நான் இந்திய பாஸ்போர்ட்காரன், எனக்கு ஓட்டு கிடையாது என்றேன். "உள்ளாட்சித் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு உண்டு" என்றார். அடுத்துக் கேட்டதுதான் புதுசு: "முதல் நம்பரை வேறு யாருக்காவது வைத்திருந்தால் பரவாயில்லை, இரண்டாம் நம்பரை எனக்குத் தருவீர்களா?"

நம் ஊரில் ஒரு வேட்பாளர் இப்படிக் கேட்டால் அவர் கட்சிக்காரர்களே சண்டைக்கு வருவார்கள். இங்கே அப்படிக் கேட்காதவர்தான் தோற்பார். காரணம் புரிய எனக்கு இரண்டு தேர்தல் ஆனது. புதிதாக வருகிறவர்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், யாருக்கு எந்த ஓட்டு? இதில்தான் நம்மவர்களுக்குக் குழப்பம் அதிகம். உள்ளாட்சித் தேர்தலில் 18 வயது நிரம்பி இங்கே வசிக்கிற எல்லோரும் ஓட்டுப் போடலாம். இந்தியா, இலங்கை, மலேசியா என்று எந்த பாஸ்போர்ட் இருந்தாலும் சரி. வேட்பாளராகவே நிற்கலாம். பிரான்சிலோ ஜெர்மனியிலோ குடியுரிமை பெற்று இங்கே வந்த ஈழத் தமிழர்கள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் என்பதால், அவர்களுக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் சேரும். டாயில் என்கிற நாடாளுமன்றக் கீழவைக்கு ஐரிஷ் குடிமக்களும் பிரிட்டிஷ் குடிமக்களும் மட்டும்தான். பிரிட்டிஷ்காரர்களுக்கு அந்த உரிமை 1984-இல் அரசியல் சாசனத்தைத் திருத்திக் கொடுத்தது. ஆகவே லண்டனில் குடியுரிமை வாங்கிவிட்டு இங்கே வேலை மாறி வந்தவருக்கு வந்தவுடன் டாயில் ஓட்டு உண்டு. ஆனால் லண்டனில் இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டு வந்தவருக்கு இங்கே அது கிடையாது. காமன்வெல்த் சலுகை கடலைத் தாண்டி வராது.

பட்டியலில் பெயர் சேர்ப்பதை ஆன்லைனிலேயே முடிக்கலாம். பி.பி.எஸ். எண்ணும் (அரசு ஒவ்வொருவருக்கும் தருகிற அடையாள எண்) ஏர்கோடும் (இந்த ஊர் பின்கோடு) கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. தேர்தல் அறிவிப்பு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். 2024 நவம்பர் 29 பொதுத்தேர்தலுக்கு நவம்பர் 12-ஆம் தேதியோடு பட்டியலை மூடிவிட்டார்கள். இன்னொன்று, உள்ளாட்சி ஓட்டு மட்டும் உள்ளவர் பெயருக்குப் பக்கத்தில் 'எல்' என்று ஓர் எழுத்து இருக்கும். குடியுரிமை விழாவில் உறுதிமொழி எடுத்து, போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் அந்த எழுத்து தானாக அழிந்துவிடாது. நீங்கள்தான் பட்டியலில் விவரத்தை மாற்றச் சொல்ல வேண்டும். பிரியாணி விருந்தெல்லாம் வைத்துவிட்டு, தேர்தல் அன்று பள்ளிக்கூட வாசல் வரை போய் வெறுங்கையோடு திரும்பிய நண்பர்கள் எனக்கு இருவர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு தொகுதிக்கு ஒரு எம்.பி. இல்லை. குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. இப்போது 43 தொகுதிகளிலிருந்து 174 பேர். ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று, நான்கு அல்லது ஐந்து இடங்கள். எம்.பி. என்று சொல்வதில்லை, டி.டி. என்பார்கள். வாக்குச்சீட்டில் கடைசிப் பெயரின் அகர வரிசையில் எல்லோர் பெயரும் இருக்கும், பக்கத்தில் போட்டோவும் கட்சிச் சின்னமும். (அப்பா பெயர் சுப்பிரமணியனோ வேலாயுதமோ என்று இருந்து, அதுவே உங்கள் கடைசிப் பெயராகி, நீங்கள் தேர்தலிலும் நின்றால், சீட்டின் அடியில்தான் கிடப்பீர்கள். ஏ, பி-யில் தொடங்குகிறவர்களுக்கு யோகம்.) முத்திரை குத்துவதில்லை, பட்டனும் இல்லை, விரலில் மை வைப்பதும் இல்லை. ஒரு பென்சில் இருக்கும். மிகவும் பிடித்தவருக்கு 1, அவர் இல்லையென்றால் யார் என்பதற்கு 2, அவரும் இல்லையென்றால் 3. இப்படி எத்தனை பேர் வரைக்கும் வேண்டுமானாலும் எழுதிக்கொண்டே போகலாம். கட்சி மாறி மாறியும் எழுதலாம்.

இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு 'விருப்பு வாக்கு' ஞாபகம் வரும். எண் போடுவது ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணக்கு வேறு. அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்கு வாக்கு, பிறகு அந்தக் கட்சிக்குள்ளே மூன்று பேர் வரை விருப்பு. இங்கே கட்சிக்கென்று தனி வாக்கு இல்லை, ஆட்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது முற்றிலும் அந்நியம் என்றும் சொல்ல முடியாது. நம் எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைக்கு ஆள் தேர்ந்தெடுப்பது இதே முறையில்தான். என்ன, அந்தச் சீட்டை நாம் கண்ணால் பார்த்ததில்லை.

ஜெயிக்க எத்தனை ஓட்டு வேண்டும்? அதற்குக் கோட்டா என்று பெயர். செல்லுபடியான ஓட்டுகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வருகிற எண்ணால் வகுத்து, விடையோடு ஒன்று சேர்க்க வேண்டும். எங்கள் தொகுதி டப்ளின் மேற்கையே எடுத்துக்கொள்வோம். 2020 பிப்ரவரித் தேர்தலில் நான்கு இடங்கள், சுமார் 43,600 ஓட்டுகள். ஐந்தால் வகுத்து ஒன்று சேர்த்ததில் கோட்டா 8,726. ஷின் ஃபேன் கட்சியின் பால் டொனல்லி முதல் எண்ணிக்கையிலேயே 12,456 வாங்கிவிட்டார். அன்றைக்குப் பிரதமராக இருந்த லியோ வராட்கர், அப்பா மும்பைக்காரர் என்பதால் நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளுக்கும் தெரிந்த பெயர், வாங்கியது 8,478. கோட்டாவுக்கு 248 குறைவு. சொந்தத் தொகுதியில், ஆட்சியிலிருக்கும் பிரதமர், ஐந்தாவது சுற்று எண்ணும்வரை காத்திருந்துதான் ஜெயித்தார்.

சரி, டொனல்லிக்குத் தேவைக்கு மேல் விழுந்த 3,730 ஓட்டு என்ன ஆகும்? நம் ஊரில் அது 'மாபெரும் வித்தியாசத்தில் வெற்றி' என்று சுவரொட்டியில் போட மட்டும் உதவும். இங்கே அந்த உபரி அடுத்தவர்களுக்குப் போகிறது. டொனல்லியின் 12,456 சீட்டுகளையும் 2 யாருக்கு என்று பார்த்துக் கட்டுக் கட்டாகப் பிரிப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு சீட்டில் ஒருவருக்கு 2 இருந்தால், உபரியிலும் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. அந்தந்தக் கட்டின் மேலேயிருந்து அவ்வளவு சீட்டை எடுத்து அவர் குவியலில் வைப்பார்கள். போனது உங்கள் சீட்டா, பக்கத்து வீட்டுக்காரர் சீட்டா என்பது அதிர்ஷ்டம். மேலவையான ஷானட் தேர்தலில் இதற்குப் பின்னக் கணக்கு போடுகிறார்கள். டாயிலுக்கு இந்தக் கட்டிலிருந்து எடுக்கும் வேலையை இன்றும் விடவில்லை. கணக்கு வாத்தியார்களுக்கு இது பிடிக்காது. எனக்கும்தான்.

உபரி தீர்ந்தும் இடம் மிச்சமிருந்தால், கடைசியில் இருக்கும் வேட்பாளரை வெளியேற்றி, அவர் சீட்டுகளை அடுத்த எண் பார்த்து மாற்றுவார்கள். அந்த அடுத்தவர் ஏற்கெனவே ஜெயித்தோ வெளியேறியோ இருந்தால் அதற்கும் அடுத்த எண். இப்படிச் சுற்றுச் சுற்றாக எல்லா இடமும் நிரம்பும்வரை. அடுத்த எண்ணே இல்லாத சீட்டு தனியாகப் போய் ஒதுங்கிவிடும்.

2019-இல் என் சீட்டு ஒதுங்கியது அப்படித்தான். வழக்கப்படி ஒரே ஒருவருக்கு 1 எழுதி, மடித்துப் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று வந்துவிட்டேன். சீட்டு செல்லும், தப்பில்லை. ஆனால் என் ஆள் நடுச் சுற்றிலேயே வெளியேறினார், கடைசி இடத்துக்கான போட்டியில் எனக்குப் பேச்சே இல்லாமல் போயிற்று. 2, 3, 4 எழுதினால் நம் 1-க்குக் கெடுதலாகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. உங்கள் 1 ஜெயித்த பிறகோ தோற்ற பிறகோதான் அடுத்த எண்ணை எடுத்தே பார்ப்பார்கள். அறவே பிடிக்காதவர்களை வெற்றாக விட்டுவிட்டு, மீதிப் பேருக்கெல்லாம் எண் போடுவது என் வழக்கம்.

சீட்டு கெட்டுப்போகும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்கு 1 போட்டால் செல்லாது. 1, 2 போட்டு அடுத்து 4 போட்டால் 2 வரைக்கும்தான் கணக்கு. கையெழுத்து, பெயர், 'பிள்ளையார் சுழி' எதுவும் வேண்டாம், உங்களை அடையாளம் காட்டும் எழுத்து இருந்தால் தள்ளிவிடுவார்கள். படித்தவர்களும் விழுகிற குழி ஒன்று உண்டு. ஒரே நாளில் உள்ளாட்சிக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் ஓட்டு நடக்கும்போது, முதல் சீட்டில் 1, 2, 3 போட்டுவிட்டு இரண்டாவதில் 4, 5, 6 என்று தொடர்வது. அந்த இரண்டாவது சீட்டு குப்பைதான். ஒவ்வொரு சீட்டிலும் 1-லிருந்து ஆரம்பியுங்கள். 2024 ஜூன் ஐரோப்பியத் தேர்தலில் மிட்லண்ட்ஸ்-வடமேற்குத் தொகுதியில் 27 பேர் நின்றார்கள், சீட்டு இரண்டடிக்கும் மேல் நீளம். யாருக்கு எந்த எண் என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பூத் சிலிப் மாதிரி ஒரு அட்டை தபாலில் வரும், அது வராவிட்டாலும் பரவாயில்லை. பாஸ்போர்ட்டோ லைசென்ஸோ போதும்.

ஒரு கட்சியே இரண்டு மூன்று பேரை நிறுத்துவதால், எதிரி பக்கத்துக் கட்சியில் மட்டும் இல்லை, சொந்தக் கட்சியிலும் இருக்கிறார். அதனால் தொகுதியைத் தெருத் தெருவாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். உங்கள் வீட்டுக்கு வரும் நோட்டீஸில் "1 இவருக்கு, 2 அவருக்கு" என்றும், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர் வீட்டு நோட்டீஸில் அதே கட்சி தலைகீழாகவும் கேட்டிருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு பலன், டி.டி.க்கள் தொகுதியைவிட்டு நகர மாட்டார்கள். 'கிளினிக்' என்று போர்டு பார்த்தால் டாக்டர் என்று எண்ண வேண்டாம், டி.டி. மக்களைச் சந்திக்கிற இடம் அது. விசா தாமதம், பள்ளியில் இடம், தெருவிளக்கு எதற்கும் போகலாம். ஓட்டு இல்லாதவர்களும் போகலாம். ஒருவர் கண்டுகொள்ளவில்லையா, உங்கள் தொகுதிக்கே இன்னும் இரண்டு முதல் நான்கு பேர் இருக்கிறார்கள்.

இந்த முறையை ஒழிக்க ஆட்சியாளர்கள் பார்க்காமல் இல்லை. 1959-இலும் 1968-இலும் பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள், இரண்டு தடவையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். 1970-களில் ஜேம்ஸ் டல்லி என்ற அமைச்சர் வேறு வழி பார்த்தார். டப்ளினை மூன்று இடத் தொகுதிகளாகக் கூறு போட்டால் ஒவ்வொன்றிலும் தன் கூட்டணிக்கு இரண்டு விழும் என்று கணக்கு. 1977-இல் காற்று திரும்பியது, அவர் வகுத்த தொகுதிகளிலேயே எதிர்க்கட்சியான ஃபீயனா ஃபால் அள்ளிக்கொண்டு போய், 148-இல் 84 இடம் பிடித்தது. அதற்கப்புறம் எல்லை வகுக்கும் வேலையை அமைச்சர் கையில் விடுவதில்லை.

டப்ளின் மேற்கு 2024-இல் ஐந்து இடத் தொகுதியானது. ஐந்து இடமும் ஐந்து கட்சிக்குப் போயிற்று: ஃபீயனா ஃபால், ஃபைன் கேல், ஷின் ஃபேன், பசுமைக் கட்சி, சாலிடாரிட்டி. நாடு முழுக்க 12-லிருந்து ஒன்றாகச் சுருங்கிய பசுமைக் கட்சியின் அந்த ஒரே இடம் எங்கள் தொகுதியில்தான், அதன் தலைவர் ரோடரிக் ஓ'கோர்மன். நம்மைப் போல எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம்மவர் எல்லோரும் சேர்ந்தாலும் ஒரு கோட்டா தேறாது. ஆனால் கடைசி இடம் சில நூறு ஓட்டில் முடிவாகும்போது, நாம் எழுதிய 4-உம் 5-உம் அங்கே போய் விழும். உள்ளாட்சியில் கோட்டா இன்னும் சின்னது. டாலாவில் ஜெயித்த மலையாளி பேபி பெரேப்பாடன் 2024-இல் தென் டப்ளின் கவுண்டி மேயரே ஆனார்.

ஓட்டு எண்ணுவதை ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். அனுமதிச் சீட்டு வேண்டும், ஏதாவது வேட்பாளர் குழுவில் கேட்டால் கிடைக்கும். மறுநாள் காலை ஒன்பதுக்குப் பெட்டியைத் திறப்பார்கள். ஊழியர்கள் சீட்டைப் பிரிக்க, தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாக் கட்சிக்காரர்களும் தோளோடு தோள் நின்று, எட்டிப் பார்த்து, ஒவ்வொரு 1-க்கும் தாளில் கோடு கிழிப்பார்கள். இவர்களுக்கு டாலி ஆட்கள் என்று பெயர். மதியத்துக்குள் அவர்கள் சொல்கிற முடிவு அநேகமாகச் சரியாக இருக்கும், அதிகாரபூர்வமாக வர இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம்.

2024 நவம்பரில் குடிமகனாக என் முதல் தேர்தல். மழை இருட்டில் ஓர் இளைஞர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய வேட்பாளருக்கு 1-உம் 2-உம் இல்லை, 3 தருகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். முகம் சுளிக்கவில்லை. நனையாமல் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே '3' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.