சரக்கு கை மாறுற இடத்துல கைரேகை வைக்கிறது எப்படி

விவசாயிங்ககிட்ட சரக்கு வாங்குற இடத்துல, வந்த ஆள் யாருன்னு உறுதி பண்ண கைரேகை மெஷின் வைக்கலாம்னு இருந்தா, விலை விசாரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து சரக்கு எங்கெங்க கை மாறுதுன்னு எழுதிப் பாருங்க. விவசாயி கொண்டு வந்து இறக்குறாரு, எடை போடுறாங்க, ஒருத்தர் தரம் பாக்குறாரு, அப்புறம் குடோன், அங்கருந்து லாரி, கடைசியா பணம். இத்தனை இடத்துலயும் ரேகை கேட்டா வரிசை நகராது, ரெண்டே வாரத்துல ஆளுங்க சுத்துவழி கண்டுபிடிச்சிடுவாங்க. தகராறு வர்ற இடத்துல மட்டும் கேளுங்க. என்னைக் கேட்டா ரெண்டு இடம் கட்டாயம்: எடை உறுதி ஆகுற நேரம், அப்புறம் விவசாயியோட பேங்க் அக்கவுண்ட் நம்பரை மாத்துற நேரம். ரெண்டாவதை நிறைய பேர் மறந்துடுறாங்க, ஆனா திருடனுக்கு அதுதான் சுலபமான வழி.

ரேகை வந்த ஆள் யாருன்னு மட்டும்தான் சொல்லும், மூட்டையில எத்தனை கிலோன்னு சொல்லாது. அதனால தராசுலருந்து எடை நேரா சிஸ்டத்துக்குள்ள வரணும், விவசாயி அந்த எண்ணை ஸ்கிரீன்ல பாத்துட்டுதான் விரல் வைக்கணும், எடை தரம் நேரம் எல்லாம் ஒரே என்ட்ரியில பூட்டிக்கணும், அப்புறம் யாராவது திருத்தினா பழைய எண்ணும் அழியாம இருக்கணும் திருத்தினவர் யாருன்னும் தெரியணும். கையால டைப் பண்ற எடைக்கு ரேகை வாங்குறது வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்குற கதைதான்.

எந்த ரீடர் வாங்கலாம்? கைரேகை ரீடர் மலிவு, ஆனா மண்ணுலயும் பூச்சி மருந்துலயும் வேலை செஞ்ச கையில ரேகை தேஞ்சு போயிருக்கும், வயசானவங்களுக்கு இன்னும் மோசம், "ரேகை விழல"ன்னு திருப்பி அனுப்புனா அவர் சரக்கை எடுத்துட்டு வேற ஆள்கிட்ட போயிடுவாரு. மல்டிஸ்பெக்ட்ரல் சென்சார் தோலுக்கு அடியில இருக்கறதையும் சேத்துப் படிக்கும், ஈரக் கை காஞ்ச கை ரெண்டையும் சமாளிக்கும், விலைதான் கூட. கருவிழி தேயாது, ஆனா கண்ணை கேமராவுக்கு நேரா அசையாம வெச்சிருக்கணும், வெயில் அடிச்சா தகராறு பண்ணும். முகத்துக்கு போன் கேமராவே போதும், ஆனா போட்டோவைக் காட்டி ஏமாத்தப் பாப்பாங்க, அதனால ஐஎஸ்ஓ 30107ங்கிற சர்வதேச தரத்துப்படி போலி கண்டுபிடிக்கிற டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கான்னு விக்கிறவர்கிட்ட கேளுங்க, மழுப்புனா வேணாம்.

பதிவு பண்ற நாள்ல அவசரப்படாதீங்க. பாதி பிரச்சினை அங்கதான் பொறக்குது. ரெண்டு கையிலயும் சேத்து நாலு விரலாவது எடுங்க, கையைத் துடைக்கச் சொல்லுங்க, ரேகை தெளிவா விழலன்னா திரும்ப எடுங்க.

இப்ப ஒரு கணக்கு. ஆயிரத்துல ஒரு தடவை தப்பா ஒத்துப்போகுற சிஸ்டம்னு வைங்க, விரலை வெச்சதும் 5000 பேர்ல யாருன்னு தேடச் சொன்னா சராசரியா அஞ்சு பேர் தப்பா பொருந்துவாங்க! அதனால மொத்தக் கூட்டத்துலயும் தேட விடாதீங்க. முதல்ல உறுப்பினர் நம்பர் இல்லனா கியூஆர் கார்டு, அப்புறம் அந்த ஒருத்தரோட ரேகையை மட்டும் ஒப்பிடுங்க. அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் விட்ட 800-63பி வழிகாட்டியும் பயோமெட்ரிக்கை, அதாவது ரேகை, கருவிழி, முகம் மாதிரி உடம்பு அடையாளத்தை, மட்டும் தனியா நம்பாதீங்க, கையில இருக்கற ஒரு பொருளோட சேத்துதான் ஏத்துக்கணும்னு சொல்லுது.

பாஸ்வேர்டு லீக் ஆனா மாத்திக்கலாம், விரலை மாத்த முடியுமா? ரேகை படத்தை சேமிக்காதீங்க, அதுலருந்து எடுக்குற அடையாளக் குறிப்பான டெம்ப்ளேட்டை மட்டும் என்க்ரிப்ட் பண்ணி (சாவி இல்லாம படிக்க முடியாதபடி மாத்தி) வைங்க, முடிஞ்சா அவர் கார்டுக்குள்ளயே இருக்கட்டும். ஆபீஸ் ஆளுங்களுக்கு, பாஸ்வேர்டுக்குப் பதிலா போன் லாக்கைத் திறந்து லாகின் பண்ற போன் பாஸ்கீ போதும், அதுல ரேகை போனை விட்டு வெளிய வராது. எதுக்கு எடுக்குறோம் எப்ப அழிப்போம்னு வாயால சொல்லி சம்மதம் வாங்குங்க, ஐரோப்பாவுல 2018லருந்து அமல்ல இருக்கற ஜிடிபிஆர்ங்கிற தகவல் பாதுகாப்புச் சட்டம், ஆளை அடையாளம் காண எடுக்குற பயோமெட்ரிக்கை தனி பாதுகாப்பு வேண்டிய தகவலாவே வெச்சிருக்கு.

நெட் இல்லாத இடத்துலயும் ஓடணும், என்ட்ரி மெஷின்லயே டிஜிட்டல் கையொப்பமாகி நிக்கணும், சிக்னல் வந்ததும் மெயின் சர்வருக்குப் போகணும். ரேகை விழாதவருக்கு மாத்து வழியை முதல் நாளே வைங்க, பின் நம்பரோ ஓடிபியோ, அதுவும் இல்லனா சூப்பர்வைசர் தன் ரேகையை வெச்சு அனுமதிக்கட்டும், ஆனா எந்த சூப்பர்வைசர் எத்தனை தடவை அனுமதிச்சாருன்னு வாரா வாரம் பாருங்க. ஒருத்தர் பேர்ல மட்டும் எண்ணிக்கை எகிறுச்சுன்னா ஒன்னு அங்க ரீடர் கெட்டுப் போச்சு, இல்ல வேற ஏதோ நடக்குது.

ட்ரையலை அறுவடை சீசன்லயே வைங்க, கூட்டமும் அப்பதான், கையில ரேகை மோசமா இருக்கறதும் அப்பதான்.