கடைவீதிய டெவலப் பண்றோம்னு சின்ன ஊருங்க பண்ற தப்புங்க

நான் பள்ளிபாளையத்துக்காரன். காவேரி பாலத்த தாண்டினா கருங்கல்பாளையம், அங்கிருந்து ஈரோடு மணிக்கூண்டு ஒரு எட்டுதான். தீவாளித் துணி, காதுகுத்துக்கு தோடு, மிக்ஸி ரிப்பேர், எல்லாத்துக்கும் எங்களுக்கு கடைவீதின்னா அதுதான். ஆனா கவர்மென்ட் கணக்குல 1997ல நாமக்கல் மாவட்டம் பிரிஞ்சதுல இருந்து நாங்க நாமக்கல், அக்கரை ஈரோடு மாவட்டம். அதுக்கு முன்னாடி மட்டும் என்ன, சேலம் மாவட்டம், எப்பவுமே ஆறுதான் எல்லை. இத எதுக்கு சொல்றேன்னா, சின்ன ஊரோட கடைவீதிய டெவலப் பண்றோம்னு கிளம்புறவங்க பண்ற மொத தப்பே இங்கதான் ஆரம்பிக்குது, கடைவீதிக்கு யார் வர்றாங்கன்னு பாக்காம, ஊர் எல்லைக்குள்ள எத்தன பேர் இருக்காங்கன்னு மட்டும் கணக்கு போட்டு பிளான் போடுறது.

திங்கக்கிழமை ராத்திரி பன்னீர்செல்வம் பார்க் பக்கம் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்கு ஒரு தடவ போய் பாருங்க. லுங்கி, நைட்டி, துண்டு எல்லாம் பண்டல் பண்டலா ரோட்டோரமா அடுக்கியிருக்கும், ஒருத்தர் மலையாளத்துல வெல கேப்பாரு, பக்கத்துல இன்னொருத்தர் கன்னடத்துல பேரம் பேசுவாரு, வியாபாரி துணிய உதறி லைட்டுக்கு நேரா பிடிச்சு காட்டுவாரு, செவ்வாக்கிழமை வரைக்கும் இப்படியேதான் ஓடும். அந்த யாவாரம் மொத்தமும் வெளியூர் ஆளுங்கள நம்பித்தான் இருக்கு. அங்க ஸ்மார்ட் சிட்டி காசுல பெரிய காம்ப்ளக்ஸ் கட்டினாங்க. கட்டடம் நல்லாத்தான் இருக்கு, ஆனா வாடகையும் டெபாசிட்டும் கட்டுபடியாகாதுன்னு பழைய வியாபாரிங்களே தயங்கி, ரொம்ப நாள் கடைங்க காலியாவே கெடந்துச்சு. இது ஈரோட்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. எந்த ஊர்லயும் கட்டடத்த கட்டி முடிச்சுட்டு அதுக்கப்புறம்தான் வாடகை பத்தி யோசிக்கிறாங்க. தரைல பத்தடிக்கு எட்டடி எடத்துல துணிய விரிச்சு போட்டு விக்கிறவருக்கு ரெண்டாவது மாடியில ஷட்டர் போட்ட கடைய குடுத்தா அவர் என்ன பண்ணுவாரு? வாங்க வர்றவங்க கையில பண்டலோட மாடிப்படி ஏறுவாங்களா? ஒரு மாடிக்கு மேல சில்லறை யாவாரம் ஏறாதுன்னு எந்த கடைக்காரர கேட்டாலும் சொல்லிருவாரு, கேக்கத்தான் ஆள் இல்ல.

தெருவோர கடைங்கள முதல்ல தூக்கிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு நினைக்கிறதும் இதே ரகம்தான். 2014ல வந்த தெரு வியாபாரிகள் சட்டத்துல, தெரு வியாபாரிங்க யார் யாருன்னு சர்வே எடுத்து முடிக்கிற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாதுன்னு இருக்கு, தெருக்கடை விஷயங்கள பாக்குற நகர விற்பனைக் குழுவுல குறைஞ்சது 40 சதவீதம் வியாபாரிங்களே தேர்ந்தெடுத்த ஆளுங்களா இருக்கணும்னு இருக்கு, 50 வருஷத்துக்கு மேல நடக்குற சந்தைய பாரம்பரிய சந்தையா அறிவிச்சு அங்க இருக்கவங்கள இடம் மாத்தக் கூடாதுன்னுகூட இருக்கு. இது தெரியாமலேயே நெறைய ஊர்ல ஜேசிபி வந்துருது. பூக்கார அம்மாவையும் வெள்ளரிப் பிஞ்சு விக்கிறவரையும் தூக்கிட்டா தெரு அகலமாயிரும், சரி, ஆனா சாயங்காலம் பூ வாங்க வந்துட்டு அப்படியே நாலு கடை ஏறி இறங்குன கூட்டம் இருக்கு பாருங்க, அதுவும் சேந்தே போயிரும்.

அடுத்தது ரோடு. எனக்கு இதுல தனி கடுப்பு இருக்கு. ஒரு ஊர்ல (பேரு வேணாம்) எங்க மாமா கடை வச்சிருந்தாரு, வாசல்ல மூணு படி ஏறித்தான் உள்ள போகணும். பழைய தார சுரண்டாமலே அது மேல மேல ரோடு போட்டு போட்டு, இப்ப ரோட்டுல இருந்து ஒரு படி இறங்கித்தான் கடைக்குள்ள போகணும். மழை வந்தா கல்லாப்பெட்டிக்கு அடியில தண்ணி நிக்குது, அவரு அரிசி மூட்டைக்கு அடியில செங்கல் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசா போடணும்னு அதிகாரிங்களுக்கு கடிதமே எழுதினாரு. அத ஞாபகம் வச்சிருக்கிற ஊரு எத்தனன்னு தெரியல. பேவர் பிளாக், கலர் லைட்டு, செல்ஃபி பாயின்ட் எல்லாத்துக்கும் காசு ஒதுக்குறாங்க, கிராமத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வர்ற பொம்பளைங்களுக்கு கடைவீதியில ஒரு சுத்தமான டாய்லெட் இருக்காது, அவங்க பாதி ஷாப்பிங்கோட திரும்பிப் போறதுக்கு அதுவே காரணம்.

பஸ் ஸ்டாண்ட பத்தி சுருக்கமா சொல்லிடறேன். திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட 2018ல இடிச்சு, திரும்ப தெறந்தது 2024ல. நடுவுல அஞ்சு வருஷம் சுத்தி இருந்த கடைக்காரங்க என்ன பண்ணிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கங்க. இடிக்கிறதுக்கு முன்னாடியே டவுன் பஸ் எங்க நிக்கும், எத்தன நாள்னு எழுத்துல சொல்லணும், அது சொல்ல முடியலன்னா இடிக்கவே கூடாது.

இப்ப பெரிய தப்புக்கு வரேன், பக்கத்து ஊரோட சேராம இருக்கிறது. எங்க பக்கமே பாருங்க, பவானிக்கு எதிர்ல குமாரபாளையம், ஈரோட்டுக்கு எதிர்ல பள்ளிபாளையம், நாலு ஊர்லயும் தறி, ரெண்டு கரையிலயும் சாயப்பட்டறை, நடுவுல ஒரே ஆறு. ஆனா ஊருங்க போடுற திட்டத்த எல்லாம் ஒண்ணா சேத்து பாக்குறதுக்கு அரசியல் சட்டத்துல சொல்ற மாவட்ட திட்டக் குழு மாவட்டத்துக்கு ஒண்ணு, அதனால இந்த நாலு ஊரும் ஒரே மேஜையில உக்கார வாய்ப்பே இல்ல. ஈரோடு முன்னாடி ஊர ஒட்டியே வைராபாளையத்துல ஆத்துத் தண்ணி எடுத்துச்சு, அப்புறம் பவானிக்கு மேல ஊராட்சிக்கோட்டையில இருந்து கொண்டு வர்ற மாதிரி திட்டம் போட்டாங்க. தண்ணி நல்லாருக்கு, ஒத்துக்கிறேன், ஆனா ஆறு நாறுனா மேல போய் எடுத்துக்கலாம்னு ஒவ்வொரு ஊரும் கிளம்பினா கீழ இருக்கவன் எங்க போவான்? நொய்யல் ஆத்துல இதுதான் நடந்துச்சு, திருப்பூர் சாயத் தண்ணி ஒரத்துப்பாளையம் அணையில வந்து தேங்கி கீழ இருக்க விவசாயிங்க கோர்ட்டுக்கு போய், கடைசியில 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைங்கள மூடச் சொல்லுச்சு. முன்னாடியே பேசியிருந்தா பட்டறை ஓனருக்கும் வேலை செஞ்சவனுக்கும் அந்த அடி விழுந்திருக்காது.

சேர்றதுன்னா உடனே இணைச்சிரலாம்னு நினைக்கிறது இன்னொரு தப்பு. 2011ல சூரம்பட்டி, காசிபாளையம், பெரியசேமூர், வீரப்பன்சத்திரம் நாலு நகராட்சியும் ஈரோடு மாநகராட்சியோட சேந்துச்சு, அது ஏற்கனவே டவுனா இருந்த இடம், பரவால்ல. ஆனா சுத்தி இருக்க ஊராட்சிங்கள சேக்குறேன்னா ஜனங்க ரோட்டுல உக்காந்துருவாங்க, நூறு நாள் வேலை போயிரும், வீட்டு வரி ஏறிரும்னு பயம், அந்த பயத்துல தப்பே இல்ல. அவங்க ஊர் குட்டைக்கு பக்கத்துல டவுன் குப்பைய கொட்டுறதுக்கு மட்டும் பக்கத்து ஊரு வேணும், பஸ் கேட்டா எல்லை தாண்டிருச்சுன்னு சொன்னா யாருக்குத்தான் கோவம் வராது?

சேராமலே சேந்து வேலை செய்ய நம்மகிட்டயே வழி இருக்கு. கூட்டுக் குடிநீர் திட்டம்னா என்ன? ஒரே பைப்புல தருமபுரி, கிருஷ்ணகிரின்னு ரெண்டு மாவட்டத்துக்கு ஒகேனக்கல் தண்ணி 2013ல இருந்து போகுது, எந்த ஊரையும் எதோடயும் இணைக்கல. குப்பைக்கும் சாயத் தண்ணிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் அதே மாதிரி செலவ பங்கு போட்டு ஒரு ஏற்பாடு பண்ண என்ன தடைன்னு எனக்கு புரியல. எங்க ஊர் நகராட்சிக்காரங்களும் அக்கரை மாநகராட்சிக்காரங்களும் பேசணும்னா பாலத்துல நடந்தே போகலாம், நடுவுல டீக்கடைகூட இருக்கு.