ரொறன்ரோவா டொராண்டோவா: விவாதம் சண்டையாகும் இடங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கிய புதிதில் ஒரு கட்டுரையைத் திறந்தேன். 'ரொறன்ரோ' என்று ஏழெட்டு இடத்தில் இருந்தது. எழுத்துப்பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் 'டொராண்டோ' ஆக்கினேன். காரணம் எழுத வேண்டிய பெட்டியில் 'பிழை திருத்தம்' என்று இரண்டே சொல். மறுநாள் எல்லாம் பழையபடி ரொறன்ரோ, இன்னொரு பயனர் திருப்பி மாற்றியிருந்தார். நான் மறுபடி மாற்றினேன், அவரும் மறுபடி மாற்றினார். மூன்றாவது முறை, "முதலில் தமிழை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வாருங்கள்" என்று எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஏனென்றால் அவர் எழுதியதில் பிழையே இல்லை. முத்து, பற்று, பட்டு என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் நாக்கு பல்லைத் தொடும், மூன்றாவதில் மடங்கி மேலண்ணத்தைத் தொடும். நடுவில் இருக்கும் 'பற்று' யாழ்ப்பாணத்தார் வாயில் ஈறை ஒட்டி ஒலிக்கும். ஆங்கிலேயர் 'டிக்கெட்' என்று சொல்லும்போதும் நாக்கு அங்கேதான் நிற்கிறது, மடங்குவதில்லை. அதனால்தான் ஈழத்து வழக்கில் ரிக்கெற், ரயர், ரொறன்ரோ. 1983 கலவரத்துக்குப் பிறகு கனடாவில் குடியேறிய பல்லாயிரம் பேர் தாங்கள் வாழும் ஊரின் பெயரை இப்படித்தான் எழுதுகிறார்கள். அவர்கள் ஊர்ப் பெயரை அவர்களுக்கே நான் திருத்தியிருக்கிறேன்!

நான் செய்த முதல் தவறு, கேட்பதற்கு முன்பே 'பிழை' என்று சொன்னது. 'இப்படி எழுதுவதற்குக் காரணம் உண்டா?' என்று ஒரு வரி கேட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். பிழை என்று சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் தன் எழுத்தை விளக்க மாட்டார், தன் மானத்தைக் காக்கத்தான் வருவார். அதற்கப்புறம் பேச்சு எழுத்தைப் பற்றியதாக இருக்காது.

இரண்டாவது, பேசாமல் மாற்றி மாற்றி அழித்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மற்றவர் எழுதியதை மீளமைத்தால் தடை விழும். அப்பட்டமான விஷமத்தை நீக்குவது போன்ற சில விலக்குகள் தவிர, யார் சொன்னது சரி என்பது கணக்கில் வராது. எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். சரியான பக்கம் நிற்பவருக்கும் கை நடுங்கும் கோபம் வரும் என்று தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும். ஒரு முறை நம் மாற்றத்தை அழித்துவிட்டார்கள் என்றால், அடுத்து போக வேண்டிய இடம் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசுவதற்கான உரையாடல் பக்கம்தான், 'தொகு' பொத்தான் அல்ல. அங்கே போனாலும் சீக்கிரம் முடியும் என்று சொல்ல மாட்டேன். தயிர் பற்றிய ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பில் ஒரே ஒரு எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று 2003 முதல் 2011 வரை இழுத்தார்கள்.

அடுத்தது விளிக்கும் முறை. தமிழில் சண்டை பெரும்பாலும் இங்கேதான் பற்றிக்கொள்கிறது. யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உண்டு. சம வயதுக்காரரை இயல்பாக 'நீர்' என்பார்கள். அதையே சென்னையில் படிப்பவர், தன்னை நக்கல் செய்கிறார் என்று எடுத்துக்கொள்வார். "நீர் சொல்வது விளங்கவில்லை" என்று வந்தால், அவர் எந்த ஊர்க்காரராக இருக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். இதற்கு நேர்மாறாக, மரியாதையையே கத்தியாக்குவதும் உண்டு. 'அறிஞர் பெருமகனார் அறியாததல்ல' என்று எழுதிவிட்டு, நான் மரியாதையாகத்தானே பேசினேன் என்பது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நேரடியான வசவைக்கூட மறந்துவிடுவார்கள், இதை மறக்க மாட்டார்கள்.

ஜெர்மனியா செருமனியா என்ற கிரந்த எழுத்து விவாதம் இன்னும் சூடானது. ஒருவருக்கு 'ஜ' போன்ற கிரந்த எழுத்தைத் தவிர்ப்பது 1916-ல் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய காலத்திலிருந்து வரும் ஒரு கடமை. இன்னொருவருக்கு, பள்ளிப் பிள்ளை தேடினால் பக்கம் கிடைக்க வேண்டும் என்ற அக்கறை. இரண்டு பேருமே தமிழுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு 'ஜ'-வை வைத்து எதிராளியின் கட்சி, சாதி, நாடு எல்லாவற்றையும் கணித்துவிடுகிறோம். 'நீங்கள் எந்தக் கூட்டம் என்று தெரியும்' என்ற வரி விழுந்ததும் எழுத்து பற்றிப் பேச ஆளிருக்காது. அந்த வரி விரல் நுனிவரை வந்துவிட்டால், எதிராளியின் வாதத்தை உங்கள் சொல்லில் எழுதிப் பாருங்கள். 'ஆமாம், அதைத்தான் சொல்கிறேன்' என்று அவர் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு எழுத வேண்டும். எழுத முடியவில்லையென்றால் அவர் சொன்னதை நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

பதில் வரவில்லை என்றால் தோற்று ஓடிவிட்டார் என்று அறிவிக்காதீர்கள். சென்னைக்கும் ரொறன்ரோவுக்கும் ஒன்பதரை, பத்தரை மணி நேர வித்தியாசம், மனிதர் தூங்கிக்கொண்டிருப்பார். வாட்ஸ்அப்பில் நண்பர்களைத் திரட்டிக்கொண்டு வராதீர்கள், விக்கிப்பீடியாவில் தலைகளை எண்ணி முடிவெடுப்பதில்லை. சொன்ன கடுஞ்சொல்லைச் சத்தமில்லாமல் அழிக்கவும் வேண்டாம். அந்தச் சொல்லுக்கு மறுமொழி எழுதியவர் காரணமில்லாமல் கத்தியதுபோல் தெரிவார். கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 'நான் இப்படி எழுதியிருக்கக் கூடாது' என்று எழுதினால் போதும். 'மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்பது மன்னிப்பே அல்ல.

நானும் அப்படித்தான் கோடு போட்டேன். உரையாடல் பக்கத்தில், ஈழத்து வழக்கு தெரியாமல் மாற்றிவிட்டேன், தமிழைக் கற்றுக்கொண்டு வரச் சொன்னது தவறு என்று எழுதினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: "சரி, பரவாயில்லை. அடைப்புக்குறிக்குள்ள உங்கட ஆக்கள் எழுதிறதையும் போடுவம்." அன்று மாலையே முதல் வரியில் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் டொராண்டோவைச் சேர்த்தார். மற்ற இடங்களை நான் தொடவில்லை.