பிகின், கமிட் போட்டும் இருப்பு ஏன் தப்பாகிறது?

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் வந்துவிட்டால் மண்டியில் இரண்டு கவுன்ட்டரிலும் ஒரே நேரத்தில் பில் ஓடும். பெங்களூரா ரக மாம்பழம் 40 கிரேட் (பெட்டி) இருப்பு. ஒருவர் 25 கேட்டார், பக்கத்துக் கவுன்ட்டரில் இன்னொருவர் 30. இரண்டு கம்ப்யூட்டரும் 40 என்று படித்தன. சரக்கு இருக்கிறது என்று இரண்டுமே பில் போட்டன. ஒன்று மீதி 15 என்று எழுதியது, அடுத்த நொடியே மற்றது 10 என்று எழுதியது. 55 கிரேட் விற்றாயிற்று, டேபிளில் 10 மிச்சம்! நான் எழுதிய முதல் மண்டி மென்பொருளில் நடந்தது இது. டிரான்சாக்‌ஷனை (சேர்ந்தே நடக்கவேண்டிய கட்டளைத் தொகுப்பை) தொடங்கும் பிகின், முடித்து உறுதிசெய்யும் கமிட் எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன்.

டிரான்சாக்‌ஷன்களின் படிகளை டேட்டாபேஸ் ஒன்றோடொன்று கலந்தே ஓட்டும். ஒன்று முடிந்த பிறகு மற்றது ஓடியதுபோல் விளைவு வருவதுதான் சீரியலைசபிள்; நாம் கேட்டால்தான் அது கிடைக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைச் சும்மா விட்டால் அதைவிடத் தளர்வான ரீட் கமிட்டட் நிலை, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் ரிப்பீட்டபிள் ரீட் நிலை. படித்த எண்ணில் நாமே கழித்துத் திருப்பி எழுதினால், இந்த இரண்டு நிலையிலும் மேலே சொன்ன தப்பு நுழைந்துவிடும்.

கழித்தலை டேட்டாபேஸிடமே விடுங்கள். 'இருப்பு 30-க்குக் குறையாமல் இருந்தால் 30 கழி' என்று ஒரே அப்டேட். எத்தனை ரோ (டேபிளின் வரிசை) மாறியது என்று பாருங்கள். 0 என்றால் சரக்கு போதாது. முதலில் படித்தே தீரவேண்டும் என்றால் செலக்ட் ஃபார் அப்டேட்; படிக்கும்போதே அந்த ரோவை லாக் செய்து, நாம் முடிக்கும்வரை மற்றவர் மாற்றாமல் தடுக்கும்.

யுபிஐ பணம் வந்த சத்தம் கேட்கும்வரை டிரான்சாக்‌ஷனைத் திறந்தே வைப்பதும் வேண்டாம். மாற்றிய ரோவின் லாக் கமிட்வரை விடாது; பக்கத்துக் கவுன்ட்டர் அந்த லாக்குக்காக நின்றுகொண்டே இருக்கும். இன்னோடிபியில் இயல்பான வரம்பு 50 விநாடி. அது தாண்டினால் வரும் 1205 பிழையைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இயல்பு அமைப்பில் அந்த ஒரு கட்டளை மட்டுமே ரத்தாகும், முன்னால் போட்டவை அப்படியே நிற்கும். அந்த நிலையில் கமிட் அடித்தால் பில் ஏறியிருக்கும், இருப்பு குறைந்திருக்காது. நீங்களே ரோல்பேக் கொடுத்து முழுவதையும் ரத்து செய்யுங்கள்.

டெட்லாக் (இரண்டு பில்லும் ஒன்றின் லாக்குக்காக மற்றது காத்து நிற்பது) வந்தால் வரும் 1213 பிழை வேறு. அதில் முழு டிரான்சாக்‌ஷனும் ரத்து, முதலிலிருந்து ஓட்டவேண்டும். ஒரு பில் பெங்களூரா, நீலம் என்றும் இன்னொன்று நீலம், பெங்களூரா என்றும் லாக் பிடித்தால் இது வரும். சரக்கு எண் வரிசையிலேயே எப்போதும் பிடித்தால் பெருமளவு குறையும்.

ஒரே கம்ப்யூட்டரில் ஒற்றை ஆளாகச் சோதித்தால் இவை எதுவும் தலைகாட்டாது. இரண்டு திரையைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, இரண்டிலும் பிகின் கொடுத்து, ஒரே ரோவை அப்டேட் செய்யுங்கள். முதல் திரையில் கமிட் அடிக்கும்வரை இரண்டாவது திரை அசையாமல் நிற்கும்.