லாக் கீப்பர் இல்லாத நேரத்தில் தேம்ஸ் லாக்கைக் கடப்பது எப்படி

லாக் என்பது ஆற்றின் மட்டம் மாறும் இடத்தில் தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும், மேலும் கீழும் கதவுள்ள தொட்டி. அதை இயக்குபவர் லாக் கீப்பர். தேம்ஸில் லாக்கை நெருங்கும்போது 'செல்ஃப் சர்வீஸ்' பலகை கண்ணில் பட்டால் அந்த நேரத்தில் கீப்பர் இல்லை என்று அர்த்தம். திரும்பிப் போக வேண்டாம். கதவையும் மதகையும் நாமே இயக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. நான் படகு வாங்கிய புதிதில் இந்தப் பலகை இருந்தாலும் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். பக்கத்திலேயே கீப்பரின் வீடு, வீட்டில் ஆள். இப்போது வீடு அங்கேயேதான் இருக்கிறது, உள்ளே இருப்பவர் கீப்பர்தானா என்பதுதான் கேள்வி.

ஆற்றின் மேற்பகுதியில் உள்ள லெச்லேடிலிருந்து லண்டன் பக்கத்து டெடிங்டன் வரை 44 லாக்குகள். ஆக்ஸ்போர்டுக்குச் சற்று மேலே இருக்கும் காட்ஸ்டோவிலிருந்து கீழ்நோக்கி எல்லாம் மின்சாரத்தில் இயங்குபவை. முதலில் இயந்திரமயமானது மேப்பிள்டர்ஹாம், 1956-இல். காட்ஸ்டோவுக்கு மேலே போனால் கைவேலைதான்: மதகுக்குச் சக்கரம், கதவுக்கு முதுகு. கால்வாய்களில் மதகைச் சுழற்றத் தேவைப்படும் விண்ட்லஸ் என்ற கைப்பிடி இங்கே வேண்டாம்.

லாக்குக்கு முன்னால் ஆறு இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் லாக், மறுபக்கம் தடுப்பணை. அம்புக்குறியைப் பார்த்து லாக் பக்கமே ஒதுங்கி, கரையோரத்தில் படகைக் கட்டுங்கள். ஒருவர் இறங்கி மேலே போகட்டும். என் மனைவிதான் போவார். பட்டனை என்னிடம் விட்டால் அவசரப்படுவேன் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஆற்றின் போக்கில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். தொட்டியில் தண்ணீர் நம் மட்டத்தில் இருந்தால் மேல் கதவைத் திறந்து நுழைந்துவிடலாம். காலியாக இருந்தால் முதலில் கீழ் கதவும் கீழ் மதகும் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம்தான் மேல் மதகு. இருபுறமும் தண்ணீர் சமமாகும் வரை கதவு அசையாது, அசைக்கவும் கூடாது. மின்சார லாக்கில் பட்டன் பெட்டியின் மேலேயே வரிசை எழுதியிருக்கிறது. அதை நூறாவது தடவையும் படியுங்கள், நாங்கள் இன்னும் படிக்கிறோம்.

உள்ளே நுழைந்ததும் எஞ்சினை அணைக்க வேண்டும், இது விதி. முன்னும் பின்னும் இரண்டு கயிறுகள். கரையில் உள்ள குட்டைத் தூணைச் சுற்றி நுனியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் மேல் கதவையும் மேல் மதகையும் மூடிவிட்டுக் கீழ் மதகைத் திறந்ததும் தண்ணீர் இறங்கும், கயிற்றையும் கூடவே விட்டுக்கொடுக்க வேண்டும். முடிச்சு மட்டும் போடவே கூடாது.

ஏன் என்று கேட்டால், நான் போட்டிருக்கிறேன். ரெடிங்குக்கு மேலே ஒரு லாக்கில், படகு வாங்கிய முதல் கோடையில், சாயங்காலம். கீப்பரின் வேலை நேரம் முடிந்துவிட்டது. பின் கயிற்றைத் தூணில் நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டு, கெட்டிக்காரத்தனமாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறங்க இறங்கக் கயிறு விறைத்தது. படகின் பின்பக்கம் மட்டும் மேலேயே நிற்க, மூக்கு கீழே போனது. உள்ளே பாத்திரங்கள் சரிகிற சத்தம். "ஏங்க, கயிறு! கயிறு!" என்று மேலேயிருந்து மனைவி கத்துகிறார். எடை முழுக்க ஏறிய முடிச்சை விரலால் அவிழ்க்கவே முடியாது. அந்தச் சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து கீப்பர் வந்தார், காலில் வீட்டுச் செருப்பு, கையில் துடைக்கும் துண்டு. ஓடவில்லை, வேகமாக நடந்தார். கீழ் மதகை மூடினார், மேல் மதகைக் கொஞ்சம் திறந்தார். தண்ணீர் ஒரு சாண் ஏறியது, கயிறு தளர்ந்தது. திட்டாமல் முடிச்சை அவிழ்த்து, கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் செய்ததை இப்போது நீங்கள் செய்ய வேண்டும். எது சிக்கினாலும் முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், பிறகு மட்டத்தைத் திருப்புங்கள். கயிற்றோடு மல்லுக்கட்டுவது கடைசி. கைக்கெட்டும் இடத்தில் ஒரு கத்தியும் இருக்கட்டும். மதகுப் பக்கம் நிற்பவர் படகிலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது, முக்கியமாக ஃபோன் பார்க்கக் கூடாது.

இறங்கும்போது இன்னொரு ஆபத்து, மேல் கதவின் அடியில் தண்ணீருக்குள் திண்ணை போல நீட்டிக்கொண்டிருக்கும் மேடை. சுவரில் அதற்குக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் படகை நிறுத்துங்கள். பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்தால் படகு கவிழக்கூடும். ஏறும்போது அந்தக் கவலை குறைவு, ஆனால் தண்ணீர் குமுறி வரும். மதகைக் கொஞ்சமாகத் திறந்து, படகு அடங்கியபின் முழுதாகத் திறவுங்கள். வெளியே வந்ததும், எதிரே படகு எதுவும் வராவிட்டால், கதவையும் மதகையும் மூடிவிட்டுப் போங்கள்.

இவ்வளவும் ஒரு வாரத்தில் பழகிவிடும். கீப்பர் செய்துவந்த மற்ற வேலைதான் பழக நாளாகும். லாக் அவருக்குப் பாதி வேலை. மீதி, பக்கத்தில் உள்ள தடுப்பணையைத் திறந்து மூடி ஆற்றின் மட்டத்தைப் பிடித்து வைப்பது. நள்ளிரவில் மழை கொட்டினால் எழுந்து போவார், அதற்காகத்தான் அங்கேயே வீடு கொடுத்தார்கள். 2008-இல், இந்த லாக்குகளை நிர்வகிக்கும் அரசு அமைப்பான சுற்றுச்சூழல் முகமை 22 லாக் வீடுகளை விற்கவோ வாடகைக்கு விடவோ திட்டமிட்டபோது படகுக்காரர்களும் கரையோர ஊர்க்காரர்களும் எதிர்த்ததற்குக் காரணம் வெறும் பழைய பாசம் இல்லை. தடுப்பணை வேலையை இப்போதும் முகமைதான் செய்கிறது. ஆற்றுக்கு அது போதுமானதாக இருக்கலாம். படகில் போகும் எனக்கு, "இன்றைக்குப் போகாதே" என்று வாசலில் நின்று சொல்ல ஆள் வேண்டும்.

ஆகவே கிளம்புமுன் முகமையின் இணையதளத்தில் ஆற்று நிலவரத்தைப் பாருங்கள், லாக்கில் தொங்கும் பலகையையும் படியுங்கள். மஞ்சளில் 'ஓட்டம் கூடுகிறது' என்றால் துடுப்புப் படகுகள் இறங்கக் கூடாது, எஞ்சின் படகுகள் கட்டுவதற்கு நல்ல இடம் தேட வேண்டும். சிவப்பு என்றால் யாரும் போக வேண்டாம். பலகை காலையில் மாட்டியதாக இருக்கலாம். அதனால் நான் கட்டும் இடத்தில் சுவரில் ஈரக்கோட்டைப் பார்த்துவைப்பேன். தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது மூழ்கினால் அன்றைக்கு அங்கேயே தங்கல்.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு பெரும்பாலும் கீப்பருக்குச் சாப்பாட்டு நேரம், அதையும் கணக்கில் வையுங்கள். கோடையில் சில இடங்களில் தன்னார்வலர்கள் இருப்பார்கள். தயங்காமல் கேளுங்கள், சொல்லித்தருவதற்கென்றே வந்திருப்பவர்கள்.

போன வருஷம் அந்த முடிச்சு லாக்கைத் திரும்பக் கடந்தோம். வீட்டு வாசலில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில், "ராத்திரி தண்ணீர் ஏறுமா?" என்று கேட்டுவிட்டேன். "தெரியலையே, நான் இங்கே வாடகைக்கு இருக்கேன்" என்றார். மனைவி பட்டன் பெட்டிக்குப் போய் எழுத்தைப் படிக்க ஆரம்பித்தார். நான் கயிற்றைத் தூணில் ஒரு சுற்று சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டேன்.