பிஎஸ்பியில் பழைய கேம்: புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் பல வீடுகளில் பரணைத் துழாவினால் ஒரு பிஎஸ்பி கிடைக்கும். வளைகுடாவில் இருந்த மாமாவோ சாச்சாவோ கொண்டுவந்ததாக இருக்கும். 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான, சோனியின் கையடக்க கேம் கருவி அது. சோனி கைவிட்டு வருடக்கணக்காகிறது. ஆனாலும் கஸ்டம் ஃபர்ம்வேர், அதாவது வெளியாட்கள் மாற்றியமைத்த இயக்க மென்பொருள், போட்டால் கேம்பாய் அட்வான்ஸ், சூப்பர் நிண்டெண்டோ, மெகா டிரைவ், முதல் பிளேஸ்டேஷன் என்று பழைய கருவிகளின் கேம்கள் எல்லாம் அதில் ஓடும். அதனால் காலேஜ் பையன்கள் தூசி தட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அவர்கள் செய்துவிட்டு வரும் தவறுகளில் எனக்குப் புதிது என்று ஒன்றுமில்லை.

ஜிப்பை விரிக்கவில்லை, கேமை வேறு ஃபோல்டரில் போட்டேன் என்பது மாதிரி சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். பத்து நிமிடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மோட் போய்விட்டது என்று பதறுவது

பிஎஸ்பி 3000 மாடலில் ப்ரோ என்ற கஸ்டம் ஃபர்ம்வேர் (மோட் என்பது இதைத்தான்) நிரந்தரமாக ஒட்டாது. முழுதாக அணைத்தால் கழன்றுவிடும், அதோடு வரும் ஃபாஸ்ட் ரெகவரி என்ற செயலியை ஒருமுறை ஓட்டினால் திரும்பி வந்துவிடும். பவர் சுவிட்சை லேசாகத் தள்ளினால் கருவி தூங்கும், தள்ளிப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் அணையும். இது தெரியாமல் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஏற்றுகிறவர்கள் உண்டு. சோனியின் 6.61 ஃபர்ம்வேரின் மீது இன்ஃபினிட்டி என்ற மென்பொருளைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

மலிவு கார்டு

எழுதும்போதே எரிச்சல் வருகிறது.

பிஎஸ்பிக்கு வேண்டியது மெமரி ஸ்டிக் ப்ரோ டியோ என்ற சோனியின் மெமரி கார்டு. நல்லதாக ஒன்று இப்போது கிடைப்பது கஷ்டம் என்பதால் எல்லோரும் அடாப்டர் வாங்கி, அதில் மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகுகிறார்கள். அதுவரை சரி. அப்புறம் ஆன்லைனில் எங்கேயோ 350 ரூபாய்க்கு 256 ஜிபி என்று பார்த்ததும் கை தானாக ஆர்டர் போட்டுவிடுகிறது.

கம்ப்யூட்டரில் போட்டால் 256 என்றுதான் காட்டும். உள்ளே இருப்பது 8 ஜிபி சிப்பாக இருக்கலாம். யார் கேட்டாலும் 256 என்று சொல்லும்படி கார்டை நடத்தும் சிப்பான கன்ட்ரோலரில் எழுதி அனுப்பியிருப்பார்கள். கோப்பை ஏற்றும்போது எந்தப் பிழையும் வராது. கோப்புப் பெயர், அளவு போன்ற விவரங்கள் பெரும்பாலும் கார்டின் தொடக்கத்தில் பதிவாகும், அந்தப் பகுதி நிஜமானது. அதனால் பட்டியலில் எல்லா கேமும் தெரியும். நிஜமான இடம் தீர்ந்த பிறகு எழுதியதெல்லாம் காற்றோடு போயிருக்கும். சில கார்டுகளில் அது சுற்றிவந்து, முதலில் எழுதியதன் மேலேயே ஏறி உட்காரும். பெயர்ப்பலகை தொங்குகிறது, கடைக்குள் சரக்கு இல்லை.

ஆனால் கார்டைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் பழி போடுவார்கள். என் அக்கா மகன் வந்தான். "மாமா, இந்த எமுலேட்டர் சரியில்ல. பாதி கேம் கருப்பா நிக்கு." எமுலேட்டரை (பழைய கருவியைப் போல நடித்து அதன் கேமை ஓட்டும் மென்பொருளை) மாற்றியிருக்கிறான், ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றியிருக்கிறான், ஒரே கேமைத் திரும்பத் திரும்ப இறக்கியிருக்கிறான். ஏற்ற ஏற்ற, முன்னால் ஓடிக்கொண்டிருந்த கேம்களும் ஒவ்வொன்றாக நின்றன. கார்டைச் சோதித்தாயா என்று கேட்டேன். "256-னு காட்டுதே மாமா!"

காட்டத்தான்ல செய்யும், அதுக்குத்தான காசு வாங்கியிருக்கான்!

கேம் போனால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். கோடை விடுமுறை முழுக்க ஆடிச் சேர்த்த சேவ் கோப்புகள் போய்விட்டன. அதைவிட மோசம், இடம் நிறைய இருக்கிறதே என்று சீசனுக்குக் குற்றாலம் போன போட்டோக்களையும் அதே கார்டில் மாற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்திருந்தான். அக்காவிடம் அதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

கார்டை எங்கே வாங்கினாலும், ஒரு கேமைக்கூட ஏற்றுவதற்கு முன் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் கார்டு நிரம்பும்வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். கார்டு காலியாக இருக்க வேண்டும். மணிக்கணக்கில் ஓடும், ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள். ஃபார்மட் ஆகிறதே, அப்படியானால் நல்ல கார்டுதான் என்று நினைக்க வேண்டாம். விரைவு ஃபார்மட் கார்டின் தொடக்கத்தை மட்டும்தான் தொடும். போலி என்று தெரிந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

256 ஜிபி எதற்கு என்று நான் கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. கேம்பாய் அட்வான்ஸ் கேம் பெரியது என்றால் 32 எம்பி. சூப்பர் நிண்டெண்டோவில் பெரும்பாலானவை 4 எம்பிக்குள் அடங்கும். பிளேஸ்டேஷன் கேம் ஒரு சிடி அளவு, சுமார் 700 எம்பிக்குள். சோனியே விற்ற மெமரி ஸ்டிக் ப்ரோ டியோவில் பெரியது 32 ஜிபிதான். நம்பகமான 32 ஜிபி கார்டு வாங்கி, பிஎஸ்பிக்குள்ளேயே ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் எக்ஸ்ஃபேட் என்ற வகையில் ஃபார்மட் செய்தால் பிஎஸ்பி அதைப் படிக்காது.

சேவ் ஸ்டேட்டை மட்டும் நம்புவது

கேமுக்குள் சேவ் செய்வது வேறு, எமுலேட்டர் மெனுவில் ஸ்டேட் எடுப்பது, அதாவது அந்த நொடியின் நிலையை அப்படியே பதிந்துவைப்பது, வேறு. ஸ்டேட் அந்த எமுலேட்டருக்கு மட்டுமே சொந்தம். எமுலேட்டரை மாற்றினால், சில சமயம் அதன் பதிப்பை மாற்றினாலே, செல்லாது. பழைய ஸ்டேட்டைத் திறந்தால் கேமின் சேவ் நினைவும் அந்தப் பழைய நாளுக்கே போய்விடக்கூடும். அதன் பிறகு கேமுக்குள் சேவ் செய்தீர்கள் என்றால் புதியது அழிந்து பழையது உட்கார்ந்துகொள்ளும்.

ஜிபிஎஸ்பி என்ற கேம்பாய் அட்வான்ஸ் எமுலேட்டரில் போக்கிமான் ஃபயர்ரெட் போட்டு, 1எம் சப்-சர்க்யூட் போர்டு இல்லை என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, "சேவ் வராது போல, ஸ்டேட் போதும்" என்று ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த கேமுக்கு 128 கேபி சேவ் வேண்டும். அதைச் சொல்லும் கேம் கான்ஃபிக் என்ற டெக்ஸ்ட் கோப்பு எமுலேட்டர் ஃபோல்டரில் விடுபட்டிருக்கும். அதை வைத்தால் சேவ் வந்துவிடும்.

பயோஸ்

ஜிபிஎஸ்பி கேட்கும் பயோஸ், அதாவது கேம்பாய் அட்வான்ஸின் தொடக்க மென்பொருள் கோப்பு, சரியாக 16,384 பைட். அளவு வேறாக இருந்தால் கோப்பு தவறு.

நிண்டெண்டோ 64

ஆசைப்படாதீர்கள்.

ஆரஞ்சு விளக்கு மினுக்கும்போது கார்டை உருவுவது

வேண்டாம்.

வெயிலும் பேட்டரியும்

அக்னி நட்சத்திரத்தில் பைக் டேங்க் பையில் பிஎஸ்பியை வைத்துவிட்டு நாள் முழுக்க நிறுத்தினால் பேட்டரி உப்பும், பின்மூடி தூக்கிக்கொள்ளும். உப்பிய பேட்டரியை அமுக்கி மூடி ஆடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், கழற்றி ஒதுக்குங்கள். பழைய போன் பேட்டரியை வயர் வைத்து ஒட்டித் தருகிறேன் என்கிறவர்களிடமும் கொடுக்காதீர்கள். 1000 மாடலுக்கு 1800 எம்ஏஎச் தடித்த பேட்டரி, 2000-க்கும் 3000-க்கும் 1200 எம்ஏஎச் மெல்லியது. மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அந்த மெல்லிய உருவத்திலேயே 3600 என்று அச்சடித்திருந்தால், 256 ஜிபி கார்டு விற்றவனின் தம்பிதான் இவனும்.